கொலுசுச் சத்தம்

நாலு நாளாய் அந்தச் சத்தம்.
அடுக்களைக்கும் அங்கணத்துக்கும் நடக்கும்போதெல்லாம்
மொசைக் தரையில் டிக், டிக்.
உலகம்மாதான் கேட்டாள்:
“என்ன, கொலுசு மாட்டிட்டா நடக்கிய?”

சிரித்தேன்.
செருப்பில் கல் ஏறியிருக்கும் என்றேன்.
வீட்டுக்குள் நான் செருப்பே போடவில்லை என்பது
அப்புறந்தான் இருவருக்கும் உறைத்தது.

காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள்.
விரல்களுக்குக் கீழே, சதைப்பற்றில்,
சாக்கு தைக்கிற கோணி ஊசியின் முறிந்த துண்டு.
பாதி உள்ளே, பாதி வெளியே.
நயினார்குளம் மார்க்கெட்டிலிருந்து
என்னோடு பஸ் ஏறி வந்து
நாலு ராத்திரி என் பாயில் படுத்திருந்திருக்கிறது.
சுற்றிலும் ஈரம். ஒரு வாடை.
வலி மட்டும் இல்லை.

பதினோரு வருசமாகச் சீனி.
எங்கள் பக்கம்
டப்பாவில் இருப்பதற்கும் ரத்தத்தில் இருப்பதற்கும் ஒரே பேர்.
ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நின்றுவிடும் என்று
டீயை வெறுமனே குடித்தேன்.
மாத்திரையை,
நல்லா இருக்கிற நாளில் எதுக்கு என்று விட்டேன்.
நல்லா இருக்கிற நாட்கள் நிறைய இருந்தன.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எப்சிபா சிஸ்டர்
கண்ணை மூடச் சொன்னாள்.
கையில் தூண்டில் நரம்பு போல ஒரு இழை.
“பாதத்துல தொடும்போது சொல்லுங்க.”
பள்ளிக்கூடத்திலேயே பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதினவன் நான்.
மூச்சை எண்ணி, உத்தேசமாய்ச் சொன்னேன்:
ஆமா.
ஆமா.
இப்பவும் ஆமா.
அவள் குரலில் கோபமே இல்லை.
“அண்ணாச்சி, நான் இன்னும் தொடவே ஆரம்பிக்கலை.”

ஊசியை எடுத்தார்கள்.
மூணாவது வாரம் ரெண்டாம் விரலையும் எடுத்தார்கள்.
“மிஞ்சி போடுற விரல்தானே,
உங்களுக்கு எதுக்கு” என்றாள் உலகம்மா.
சொல்லிவிட்டு வராந்தா பக்கம் போனவள்
வெகுநேரம் வரவில்லை.

இப்போது ராத்திரி ஒன்பதரைக்கு
அவள் பொட்டு வைக்கிற கண்ணாடி என் காலடியில்.
விரலிடுக்கில் ஈரம் இருக்கா, வெடிப்பு உண்டா,
நகத்தை நேரே வெட்டுனியளா வளைச்சு வெட்டுனியளா.
முப்பது வருசத்தில் என் முகத்தை
இத்தனை நேரம் அவள் பார்த்ததில்லை.
குளிக்கிற தண்ணீரில்கூட
அவள் முழங்கை இறங்கின பிறகுதான் என் கால்.
பெட்டிக்குள் மாத்திரை தீருவதற்கு நாலு நாள் முன்னமே
காலண்டரில் ஒரு மஞ்சள் கோடு.

ஆனித் தேருக்கு இந்த வருசம் வடம் தொடவில்லை.
ரதவீதித் தார் இளகிக் கிடந்தது.
அதன் மேல் ஆயிரம் வெறுங்கால் ஓடின,
சூடு தாங்காமல் துள்ளின.
துள்ளத் தெரிந்த கால்களைப் பார்த்துக்கொண்டு
வாகையடி முக்கில் நின்றேன்,
ஆஸ்பத்திரியில் தந்த நீலவார்ச் செருப்போடு.
அப்படியே கும்பிட்டேன்.
நெல்லையப்பர் ஒன்றும் சொல்லவில்லை.
பக்கத்தில் நின்றவர்தான் முறைத்தார்.

நேற்று வெங்காய மண்டி சிவனணைஞ்சான்
மூடை மேல் சாய்ந்து பெருமை பேசினார்:
“நமக்கும் சீனிதான், ஆறேழு வருசமா.
ஆனா ஒரு தொந்தரவு கிடையாதுடே.
காலு என்னமா இருக்குங்க, பஞ்சு மாதிரி!
மெத்தையில நடக்க மாதிரி!”

எடை பார்த்துக்கொண்டிருந்த மூடையை
தராசிலேயே விட்டேன்.
வெங்காயச் சருகு மேல் மண்டியிட்டு
அவர் காலை எடுத்து என் தொடையில் வைத்தேன்.
“ஏ, கோமதிநாயகம், என்னடே செய்த? எல்லாரும் பாக்காங்கடே!”
பார்த்தார்கள். சிரித்தார்கள்.
லோடுமேன் ஒருத்தன் விசில்கூட அடித்தான்.

செருப்பைக் கழற்றினேன்.
செல்போன் லைட்டைப் போட்டேன்.
துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கு உருவி
நுனியை முறித்து மழுக்கினேன்.

“கண்ணை மூடும் வே” என்றேன்.